உப்பேறிய தண்ணீர்

அன்புள்ள மாமாவுக்கு,

பத்மினி எழுதுகிறேன். நானும் நம் மகள் தரணியும் சுகம். மஸ்கட்டில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் உங்கள் அறைக்காரர்களின் குரல் கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. லீவு முடிந்து உங்கள் கம்பெனி யஸ்வந்த் அங்கே திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் அம்மன் கங்கம்மாவின் ஜாத்திரை சமயத்தில், நான் பார்த்துக்கொள்ளும் ஊர்க் குடிதண்ணீர் ஆர்.ஓ. பிளான்ட் கைவிட்டுவிட்டது. காலையில் மோட்டார் போட்டு உப்பு மீட்டர் வைத்துப் பார்த்தால், சுத்தமாகி வரும் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரின் அதே உப்பு. வாயில் விட்டேன், கரித்தது. உப்பைப் பிரிக்கும் மெம்பரேன் கிழிந்திருக்க வேண்டும். பிளான்ட்டைப் பூட்டிவிட்டேன்.

வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது ஊர் சும்மா இருக்குமா? தண்ணீர் பிடிக்க வந்த ரத்தினம்மா அக்கா எல்லார் எதிரிலும், "உன் வூட்டுக்காரரு கடல் தண்ணியையே குடிதண்ணியா மாத்திக்கினு இருக்காரு, உன்னால இந்த ஒண்ண ஓட்ட முடியலியா?" என்று கேட்டுவிட்டார். சிரித்தார்கள். அக்காவின் கணவர் கங்கையாவுக்குக் கிட்னி கெட்டுப்போய், போர் தண்ணீரே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்காகவும்தான் பூட்டினேன் என்றேன். அக்கா காதில் வாங்காமல் காலி கேனோடு போய்விட்டார். எனக்காக ஒரு வார்த்தை பேச நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அன்றைக்கு அழுதேன்.

தரணியைப் பக்கத்து வீட்டுச் செங்கம்மாவிடம் விட்டுவிட்டுத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். புது மெம்பரேனை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு திரும்பினேன். முன் சீட்டில் மலைக்குப் போய்வந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் தோளில் ஒருவர் மொட்டைத்தலையைச் சாய்த்துத் தூங்கினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெக்கானிக் கோவர்த்தனன் பொருத்திக் கொடுத்தார். நீங்கள் சொல்லியிருந்தபடி முதலில் வந்த தண்ணீரை வெளியே விட்டோம். பிறகுதான் மீட்டரில் உப்பு இறங்கியது.

முதல் கேனை நானே கங்கையா வீட்டுக்குச் சுமந்து போனேன். தரணியும் கூட வந்தாள். அவர் குடித்துவிட்டு, "இப்பதாம்மா தண்ணி மாதிரி கீது" என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். அப்புறம், "அவரு எப்பம்மா வராரு?" என்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பொங்கலுக்கு என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனியில் உங்களை இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்கிறார்களாம், யஸ்வந்த் சொன்னார். வேண்டாம் என்று நான் எழுத மாட்டேன், மாமா. ஆனால் நான் பொங்கல் என்று சொன்னது தரணியின் காதில் விழுந்துவிட்டது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கங்கம்மா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
பத்மினி