ஒத்திகையில் கேட்ட குரல்

பிரியமுள்ள அத்தானுக்கு,

நாடகத்தில் எம்.ஏ. படிக்க வேலையை விட்டுவிட்டு நீங்கள் அவ்வளவு தூரம் போனபோது நான் தடுக்கவில்லை. ஆனால் சென்ற மாதம் நான் போன் செய்த மூன்று முறையும் உங்கள் பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கேட்டால், "ஒண்ணுமில்லட்டி, ஒத்திகையாக்கும்" என்றீர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை பாறசாலையில் ரயில் ஏறி, சொல்லாமல் வந்தேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் ஒத்திகை அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில், போனில் கேட்ட அதே அழுகுரலில் ஒரு பெண் மண்டியிட்டு, "எனக்க பிள்ளைய ஒருக்கா தாங்க சிஸ்டர், உடுப்பு போட்டுட்டுத் தாறேன்" என்றாள். நீங்கள் நிறுத்தினீர்கள். "தாறேன்னு சொல்லும்போ சத்தம் இடறணும் மக்கா. அவ அப்பிடித்தான் சொன்னா."

பாவம், அந்தப் பெண்ணையா நான் இத்தனை நாள் சந்தேகப்பட்டேன்!

நம் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்த அன்று நான் சொன்னதை நீங்களும் அந்த நர்ஸும் மட்டும்தான் கேட்டீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகப் பிள்ளையைப் பற்றி நீங்கள் என்னிடம் வாய் திறந்ததில்லை. நான் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவீர்கள்.

காட்சி நன்றாக இருந்தது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் அழுதார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அது என்னைத் தாங்கவா, அல்லது நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்கவா? போனில் சொல்லவேண்டாம். வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். அப்போதும் நான் நம்புவேனா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
நம் மகளின் அம்மா