ஒரு படி தவிடு

குருண்
22.8.1943

அன்புள்ள அக்கா மருதம்மாளுக்கு, தங்கை அழகம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாமாவும் சுகம்தானே? நான் ஏதோ இருக்கிறேன்.

அவரை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. உன்னிடம் சொல்லாத சேதி ஒன்று உண்டு. எனக்கு ஆறு மாதம். வேலைக்குப் போகத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்ட முதல் இரண்டும் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டதால், இந்தத் தடவை வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

லாரியில் ஏறும்போது அவர், "அழகு, புள்ளைய அடிச்சு மட்டும் வளக்காதலா. நாம வாங்குன அடியே போதும்" என்றார். இந்தப் பிள்ளையை நான் கொட்டகையில் விடமாட்டேன். இடுப்பில் கட்டிக்கொண்டே கிழங்கு நடுவேன். அழுத நேரம் பால். அடி கிடையாது. உனக்குச் சிரிப்பு வரும், தெரியும்.

உன் தங்கை
அழகம்மா

பெண்டாங்
9.9.1943

என் அழகுக்கு அக்காவின் ஆசை முத்தங்கள்.

ஆறு மாதம் மூடி வைத்தாயே, நல்ல கள்ளிதான் நீ! சிரிப்பு வரவில்லையடி, அழுகைதான் வந்தது. நீ சொல்வதுபோல் வளர்த்தால் பிள்ளை உன் தலைமேல் ஏறி உட்காரும். இங்கே நெல் மில்லில் கணக்கெழுதும் கிராணி வீட்டு ஜோசபின் அம்மா கடிகாரத்தைப் பார்த்துத்தான் பால் கொடுக்கிறார். அவர் பிள்ளைகள் சத்தம் போடுவதே இல்லை. அப்பாவின் ரோத்தான் பிரம்பு இல்லாவிட்டால் நீயும் நானும் இந்த நாலு எழுத்து எழுதுவோமா? பெறாதவள் பாடம் நடத்துகிறாள் என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போகட்டும்.

ஒன்று மட்டும் கேள். இரண்டு தவறிய வீடு. பிறந்ததும் முறத்தில் போட்டு, ஒரு படி தவிட்டுக்கு என்னிடம் விற்றதாகப் பேர் பண்ணிவிடு. உன் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் எந்தக் கண்ணும் படாது. பிறகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள். மாமா மில்லிலிருந்து தவிடு கொண்டு வருவார்.

அக்கா
மருதம்மாள்

குருண்
14.10.1943

அன்புள்ள அக்காவுக்கு,

தவிட்டுக்குச் சம்மதம். பேருக்குத்தான், சொல்லிவிட்டேன். பிள்ளை என் மடியை விட்டு இறங்காது. ரோத்தானைப் பற்றி நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்பா அடித்த அடியில் உன் முழங்கை இன்னும் நேராக நீளாதே, அதை மறந்துவிட்டாயா?

மரவள்ளிக்கிழங்கைத் தவிர இங்கே எதுவும் இல்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. அசதியாக இருக்கிறது அக்கா. கோபப்படக்கூடத் தெம்பில்லை. சீக்கிரம் வா.

அழகம்மா

பெண்டாங்
20.1.1944

அன்புத் தங்கைக்கு,

உன் மகன் நன்றாக இருக்கிறான். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி மூச்சு விட்டுக்கொள்.

ஒரு படி தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு நீ முறத்தை நீட்டியபோது, இருவருமே அதைச் சடங்கு என்றுதான் நினைத்தோம். உன் மார்பில் பால் இல்லாமல் அவன் கதறியதைக் கேட்டபிறகுதான், நீ தேறும்வரை வைத்திருக்கிறேன் என்று தூக்கி வந்தேன். ஆட்டுப்பாலும் கஞ்சித் தண்ணீரும் குடித்துக் கன்னம் வைத்துவிட்டான். தெருவில் எல்லோரும் தவிடன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கடிகாரமெல்லாம் மூன்றே நாள்தான். அவன் அழுதால் என் கை கால் ஓடவில்லை. நாள் முழுக்க இடுப்பில்தான் இருக்கிறான். நீ ஜெயித்தாய், போ. ஆனால் நடக்கத் தொடங்கட்டும், ரோத்தானை எடுக்கத்தான் போகிறேன்.

தை பிறந்துவிட்டது. தவிட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடு. நீ வரவேண்டும் என்றும் இருக்கிறது, வரக்கூடாது என்றும் இருக்கிறது. என்னைத் திட்டாதே அழகு.

மருதம்மாள்

குருண்
27.2.1944

அன்புள்ள அக்காவுக்கு,

லாரிக்கார இருளப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் வரவில்லை.

அந்தத் தவிட்டைப் பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி, அவனை அழைத்துவர வைத்திருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து காலைப் பார்த்துவிட்டு, "தவிடு கெடச்சா வறுத்துத் தின்னும்மா, வீக்கம் வத்தும்" என்றார். முதலில் ஒரு பிடி எடுத்தேன். பிறகு தினமும் எடுத்தேன். பானை காலியாகிவிட்டது. என் பிள்ளையின் விலையை நானே தின்றுவிட்டேன் அக்கா. தின்னும்போது அழவில்லை, பசிதான் இருந்தது. இப்போதுதான் அழுகிறேன்.

வேறு தவிடு கேட்டால் நீ தருவாய். அதனால்தான் கேட்கவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். இங்கே அவனுக்கு நான் கொடுக்கக் கிழங்குதான் உண்டு. கிழங்கு தின்ற பிள்ளைகளைத் தோட்டத்தில் எங்கே புதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை போயிருக்கிறேன்.

அவன் உன் பிள்ளை. பேருக்கு இல்லை, நிஜமாகவே. கடிகாரம் பார்த்துப் பால் கொடு, கொடுக்காமல் போ, உன் இஷ்டம். உன்னையே அம்மா என்று கூப்பிடட்டும். என்னைச் சின்னம்மா என்று சொல்லிக் கொடு. அவர் சயாமிலிருந்து திரும்பி வந்தால் அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ரோத்தான் மட்டும் வேண்டாம் அக்கா.

அழகம்மா