மேட்டுக்கு ஏற்ற பேட்டரி சைக்கிள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், நானும் சுகம், நம் வீட்டு மாடிப்படி மட்டும் வர வர உயரமாகிக்கொண்டே போகிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், போனில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அதனால் கடிதத்திலும் ஒரு முறை எழுது, அப்போதுதான் நம்புவேன். போன கடிதத்தில் நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஆபீசுக்குப் போக விலை குறைவாக ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கப் போகிறாய், எதை வாங்கலாம் என்று வண்டி தெரிந்த அப்பா சொல்ல வேண்டும் என்பது ஒன்று. அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்து வேலையை விட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டாவதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அன்றைக்கு என் தட்டில் விழுந்த எதிலும் உப்பில்லை. எழுதியது நீ, தண்டனை எனக்கு. சரி, இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேயும் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கியாகிவிட்டது, அது உன் அம்மாவின் வேலையால் வந்த வினைதான்.

நான் ஓட்டிய பஸ் மேட்டின் உச்சியில் இருக்கும் மருத்துவமனை வாசல் வரைக்கும் போகும், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வழியில் நீளமான புது பஸ் விட்டிருக்கிறார்கள், மேலே அதைத் திருப்ப இடம் போதவில்லையாம், அடிவாரத்திலேயே ஆட்களை இறக்கிவிட்டு வந்த வழியே போய்விடுகிறது. நானாக இருந்தால் திருப்பியிருப்பேன், அது வேறு கதை. சலவைக்கூடம் மருத்துவமனைக்கும் பின்னால், உச்சிக்கும் உச்சியில். குதிகால் வலியோடு அந்த மேட்டை நடந்து ஏறி அம்மா தினமும் தாமதமாகப் போக ஆரம்பித்தாள். அங்கே இருக்கும் மேலாளர் நல்ல மனுஷிதான், அவரும் எத்தனை நாள் பொறுப்பார், இந்த மாதக் கடைசிக்குள் நேரத்துக்கு வர ஏதாவது வழி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இஸ்திரிப் பிரிவுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அம்மா அதை வீட்டுக்கு வந்து சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவள் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் வெளியே வரவில்லை. அந்த அனலில் நின்று விரிப்புகளைத் தேய்த்து மடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டில் உங்களை ஒரு மடிப்புக்குக் கொண்டுவர முடியவில்லை, அங்கேயாவது எல்லாம் சொன்னபடி மடிகிறது என்றாள். பிறகு மெதுவாக, அந்த வேலை போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்றும் சொன்னாள்.

எதற்கும் எனக்குத் தெரிந்த ஒரே பதில் வண்டிதான். பேட்டரி சைக்கிள் ஒன்று வாங்குவது, தினமும் நான் ஓட்டுவது, அம்மா பின்னால் உட்காருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அம்மாவைக் கேட்டீர்களா என்று கேட்காதே. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் வீட்டில் இருக்கும்போது ஓட்டுவது யார் என்று கேட்பதே அபத்தம் என்று நினைத்தேன். அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் போனேன். கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்பேனரைச் செருகியிருப்பாள், அதனால் தெருவே அவளை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறது. அவள் வண்டியைக் காட்டாமல் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். மேடா சமதளமா, எவ்வளவு தூரம், வேகமாகப் போகிற ஆளா நின்று நின்று போகிற ஆளா, ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், பேட்டரியை மாடிக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் போட வேண்டுமா, ஓட்டுகிறவர் எத்தனை கனம் என்றெல்லாம் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் என்னைப் பற்றியே பதில் சொன்னேன், கனத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள், தானாகவே கொஞ்சம் கூட்டி எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒவ்வொரு வண்டியாக ஓட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, முறையாகத்தான் பார்த்தேன். முதலில் கொடுத்தது ஒல்லியான வேக வண்டி, அதில் உட்கார்ந்தால் கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறவன் மாதிரி குனிந்தே போக வேண்டும். முனையில் திரும்பும்போது பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கம் வரை வீசித் திருப்பினேன், பழக்கடைக்காரர் தன் கூடைகளையெல்லாம் அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டார். சைக்கிளின் நீளம் நீங்கள் இரண்டு கையையும் விரித்த நீளம்தான் சார், பஸ் அளவுக்கு வளைக்காதீர்கள் என்று ஸ்பேனர் சொன்னாள். அடுத்தது மடக்குகிற சைக்கிள். அதை நான் மடக்கினேன், திரும்ப விரிக்கத் தெரியவில்லை, கைப்பெட்டி மாதிரி தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாவது தடித்த டயர் போட்டது, பார்க்க ஜம்மென்று இருந்தது, ஆனால் நம் வாசல் நடையில் ஏற்றுவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கடைசியில் என் மனசு போனது பின் இருக்கை வைத்த நீள வண்டியின் மேல். அதன் விலையைக் கேட்டேன், கேட்டுவிட்டு வேறு பேச்சு பேசினேன். அந்த நாட்களில் அம்மா வேலையிலிருந்து வழக்கத்தைவிட நேரம் கழித்தே வந்துகொண்டிருந்தாள், மேடு இறங்குவதும் அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது என்று நினைத்து எனக்கு இன்னும் அவசரமாகிவிட்டது. கடையில் இருந்ததிலேயே மலிவானது நடுக்கம்பி தாழ்வாக இருந்த ஒரு சின்ன வண்டி, மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், மிதிக்கும்போது அதுவும் கூட உதவும். பின்னால் ஒரு கேரியர் இருந்தது. இது ஒரு ஆளுக்கான வண்டி சார் என்று ஸ்பேனர் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் பெண்டாட்டி அரை ஆள்தான் என்று சொல்லி ஒரு நாள் சோதனைக்கு வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை அம்மா மறுபேச்சில்லாமல் கேரியரில் உட்கார்ந்தாள், அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தெருமுனை பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினீர்கள் என்றாள், பிரேக்கைச் சோதிக்கிறேன் என்றேன். அடுத்த நிறுத்தத்திலும் பிரேக் அதுவாகவே சோதித்துக்கொண்டது. மூன்றாவது நிறுத்தத்தில் என் பழைய பயணி குடைக்காரர் நின்றிருந்தார், வெயிலோ மழையோ குடையில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்ததும் மனிதர் ஒன்றும் யோசிக்காமல் குடையை மடக்கிக் கேரியரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டார். அம்மா உட்கார்ந்திருந்தது அவர் கண்ணிலேயே படவில்லை. மூன்று பேரும் சேர்ந்து சரிந்தோம், அடி ஒன்றும் பலமில்லை, குடைக்கு மட்டும் ஒரு கம்பி போய்விட்டது. எல்லோரையும் எழுப்பித் துடைத்துவிட்டு மேட்டுக்கு வந்தோம். பாதி மேடு வரை மோட்டார் முனகிக்கொண்டே இழுத்தது, அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நான் இருக்கையை விட்டு அசையாமல், கொஞ்சம் இறங்கித் தள்ளேன், பஸ் நின்றுபோனால் ஜனங்கள் தள்ளுவதில்லையா என்றேன். அம்மா இறங்கினாள். குதிகால் வலியோடு கொஞ்ச தூரம் தள்ளவும் செய்தாள், அதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு முன்பக்கம் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"நீங்க இறங்குங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் குரலை நான் இரண்டு மூன்று தரம்தான் கேட்டிருக்கிறேன், இறங்கிவிட்டேன். அவள் புடவையைச் செருகிக்கொண்டு, ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி ஏறி உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி, காலை வைத்தாள். வண்டி கிளம்பியது. முனகவில்லை, திணறவில்லை, அந்த மேட்டில் என் பெண்டாட்டியைச் சும்மா தூக்கிக்கொண்டு போனது. விழுந்துவிடுவாள் விழுந்துவிடுவாள் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் விழவில்லை. வளைவில் அழகாக, அளவாகத் திரும்பி மறைந்துவிட்டாள். விஷயம் பிறகுதான் தெரிந்தது, நான் ஒவ்வொரு வண்டியாக ஆராய்ச்சி செய்துகொண்டு தெருத்தெருவாகப் போன அந்தச் சாயங்காலங்களில், கடைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் ஸ்பேனர் அவளுக்கு இதே சின்ன வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். நான் முன்வாசல் வழியாகப் போனதும் இவள் பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். ஊரையே இடத்தில் கொண்டு சேர்த்தவனுக்குத் தன் வீட்டு நடமாட்டம் தெரியவில்லை பார்.

அவள் சாப்பாட்டுப் பை என் தோளிலேயே இருந்தது. அதைக் கொடுக்க மீதி மேட்டை நடந்தே ஏறினேன். வாலு, அந்த மேட்டை நான் ஆயிரம் தடவை ஏறியிருக்கிறேன், ஒரு தடவைகூட நடந்து ஏறியதில்லை. மூச்சு முட்டி, வழியில் இரண்டு இடத்தில் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் தினமும் இதை வலிக்கிற காலோடு ஏறியதை அப்போதுதான் என் உடம்பு புரிந்துகொண்டது. சலவைக்கூடத்து ஜன்னல் வழியே பார்த்தேன், அம்மா நேரத்துக்கு முன்பே போய் இஸ்திரி மேசையில் நின்றிருந்தாள், பக்கத்தில் இருந்தவர்களிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் என்பதில் சந்தேகமில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, உள்ளதைச் சொன்னால் பயம்தான் வந்தது. வேலை போய்விடுமே என்று அவள் பயந்துகொண்டிருந்தபோது எனக்கு அதைப் பற்றி அவ்வளவாகப் பயம் இல்லை. இவளும் தானாகவே போகக் கற்றுக்கொண்டால் நான் யாரை ஏற்றிக்கொண்டு போவது என்பதுதான் என் பயமாக இருந்திருக்கிறது. காலி பஸ்ஸை டிப்போவுக்கு ஓட்டிப்போவது எனக்கு என்றைக்குமே பிடிக்காது.

வண்டியை அன்று சாயங்காலமே வாங்கிவிட்டோம், அவளுடைய வேலையும் நிலைத்துவிட்டது, ஆகவே அதைப் பற்றி நீ இனிமேல் எழுத வேண்டாம், எனக்கு உப்பு வேண்டும். இப்போது உன் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஓட்டுகிற லட்சணம் எனக்குத் தெரியும், யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்புவாய், தலை போன பக்கம் வண்டியும் போகும். அதனால் வேகத்தைப் பார்க்காதே, பிரேக்கைப் பார், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. ஒரு சார்ஜுக்கு இவ்வளவு தூரம் போகும் என்று கடையில் சொல்வதில் பாதியை நம்பு, அந்தப் பாதி உன் ஆபீசுக்குப் போய்வரப் போதுமானால் பெரிய பேட்டரிக்குக் காசு கொட்டாதே. நீயும் மாடி வீட்டில் இருக்கிறாய், பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள். பழுது பார்க்க ஆள் பக்கத்தில் இல்லாத வண்டி இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்பார், அதைக் காதில் வாங்காதே, ஆபீசுக்குப் போகப்போவது நீ. நீயே ஏறி, நீ போகிற சாலையில், நீ எடுத்துப்போகிற பையோடு ஓட்டிப் பார்த்து வாங்கு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு இப்போது புது உத்தியோகம் கிடைத்திருக்கிறது. காலையில் அம்மா வாசலில் வண்டியில் ஏறிப் பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே நிற்பாள். நான் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, கண்டக்டர் மாதிரி வண்டியின் பின்பக்கம் தட்டி ரைட், போகலாம் என்பேன். அதன் பிறகுதான் கிளம்புவாள். நான் ரைட் சொல்லாமல் உன் அம்மா ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை, எழுதி வைத்துக்கொள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மேடு பள்ளம் பார்த்துப் போய், பத்திரமாக வீடு வந்து சேர்ந்து, நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும். ஹெல்மெட் வாங்கிய பிறகு வண்டி வாங்கு, மாற்றி வாங்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

வாலு, அம்மா எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டித் தபாலில் போடும் வேலை என்னுடையது, அதனால் இந்த ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. அவர் எழுதியதெல்லாம் அநேகமாகச் சரிதான், விழுந்தது மட்டும் நாலு இடத்தில். பொத்தானை அழுத்தியதும் வண்டியில் இருக்கிற சின்ன திரை எரிய நேரமாகும், அதுவரைக்கும் சும்மா நிற்பேன், அதைத்தான் அவர் தன்னுடைய ரைட்டுக்காக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். போன வாரம் ஸ்பேனர் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டாள், இப்போது தொட்டதும் எரிகிறது. இருந்தாலும் நிற்கிறேன். இதை அவரிடம் சொல்லிவிடாதே.

அம்மா