நாற்பத்தைந்தில் சுற்ற வேண்டிய பாட்டு

ஆர்ப்ரோத்,
நவம்பர் 24, ஞாயிறு

அன்பு மகள் மோர்வெனுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய இசைத்தட்டு புதன்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. மூலைகூட மடங்கவில்லை. உறையின் பின்னால் உன் கையெழுத்தில் முந்நூறில் ஏழாவது என்று எண் போட்டு, 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தாய். எனக்கென்று ஒரு வரி இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. பொட்டலத்தின் மேல் பிரிஸ்டல் முகவரி இருந்ததால்தான் இந்தக் கடிதமே. நீ போன் நம்பரை மாற்றிய பிறகு உன்னைப் பிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

குழுவுக்கு இன்னும் 'நனைந்த தீக்குச்சிகள்' என்ற பெயர்தானா? இந்தப் பெயரைப் பார்த்து எவன் டிக்கெட் வாங்குவான் என்று நான் கேட்டபோது உன் தம்பி ஸ்ட்ரூவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிறிஸ்துமஸுக்கு ரெக்கார்டு கைக்கு வர வேண்டுமானால் ஜூலையிலேயே பாடி அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவன்தான் எனக்கு விளக்கினான். ஊரே கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்னும்போது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வியர்க்க வியர்க்க கிறிஸ்துமஸ் மணி குலுக்குகிற கூட்டம் என்று உங்களை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன். அவன் நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். இந்த ஜூலையில் அவன் இல்லாமல் நீ அந்த அறையில் எப்படி நின்றாய் என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு தப்பு செய்திருக்கிறீர்கள். ரெக்கார்டின் நடுவில் உள்ள வெள்ளை வட்டத்தில் நீங்களே கையால் முத்திரை குத்தியிருக்கிறீர்கள் போல. பெயர் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது மட்டும் இல்லை. சின்ன ரெக்கார்டு என்றால் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அம்மா அதையெல்லாம் கவனித்ததே கிடையாது. நம் வீட்டு பிளேயர் எப்போதும் பெரிய ரெக்கார்டுகளுக்காக முப்பத்துமூன்றில்தான் நிற்கும். அவள் அப்படியே வைத்துவிட்டாள்.

அன்று காலை ஷிப்ட் முடிந்து, டண்டீ பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் ஒரு ஆண் குரல் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தது. என் கைப்பை தரையில் விழுந்தது. நீயும் ஸ்ட்ரூவனும் ஒரே மாதிரிதான் வார்த்தையின் வாலை இழுப்பீர்கள், மூச்சு வாங்குகிற இடம்கூட ஒன்றுதான். வேகம் குறைந்து உன் குரல் கனத்ததும் அச்சு அசல் அவன்தான், மோர்வென். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "சத்தம் போடாத கார்டன், ஸ்ட்ரூவன் பாடுறான்" என்றாள்.

விசையைத் திருப்ப ஒரு நொடி போதும். திருப்பத்தான் போனேன், கை வரவில்லை. நானும் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். 'கதவைப் பூட்டாதீங்க, வழியிலதான் இருக்கேன், பண்டிகைக்கு வந்துடுவேன்' என்கிற வரி நன்றாகக் கேட்கிறது. நடுவில் ஒரு பகுதி அடித்தொண்டை முனகலாகப் போய்விடுகிறது, ஒரு சொல் பிடிபடவில்லை. அவன் முன்பே பாடி வைத்திருந்ததை நீ இப்போது வெளியிட்டிருக்கிறாய் என்று அம்மா நினைக்கிறாள் போலும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுகிறாள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அவளுக்கு நீ ஏதாவது எழுதினால் வேகத்தைப் பற்றி மட்டும் எழுதாதே. ரொம்ப நாளைக்கப்புறம் அவள் தலை வாரி, நல்ல உடுப்பு போட்டிருக்கிறாள். அவனை அடக்கம் செய்த அன்று நான் பேசியதை நீ மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா
கார்டன் பெட்ரி


ஆர்ப்ரோத்,
டிசம்பர் 9, திங்கள்

அன்புள்ள மோர்வென்,

உன் பதில் வரவில்லை. அதைப் பற்றிச் சண்டை போட இப்போது நேரமில்லை, நிலைமை என் கை மீறிவிட்டது.

அம்மா வாசற்கதவைப் பூட்ட விடுவதில்லை. முதலில் தாழ்ப்பாளை மட்டும் போடக் கூடாது என்றாள். இப்போது விரியத் திறந்து வைத்திருக்கிறாள். கடற்காற்று நேராகக் கூடத்தில் வந்து நிற்கிறது. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, நாற்காலியைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பழைய பதிவு என்று அவள் நினைக்கவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பண்டிகைக்கு வந்துவிடுவேன் என்று சொல்கிறான் அல்லவா, அதை அப்படியே நம்பிவிட்டாள். பக்கத்து வீட்டு செங்கா சூப் கொண்டுவந்தால், தான் ஒரு வாய் குடிக்காமல் அவனுக்கென்று மூடி வைக்கிறாள்.

இருமல் ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நெஞ்சு முழுக்கச் சளி, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் நல்லது என்றார். வருகிறவனுக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா என்று அம்மா அவரிடமே கேட்டாள். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

வெள்ளிக்கிழமை துணிந்து விசையைத் திருப்பினேன். ஐலீன், இது வேகம் தப்பு, இதுதான் சரியான பாட்டு, கேளு என்றேன். உன் குரல் வந்தது. அம்மா தலையைச் சாய்த்து நாலு வரி கேட்டாள். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே, அவளுக்கு எல்லாம் புரிந்தது. "அது மோர்வென். அவ நல்லாத்தானே இருக்கா. நான் அவனைத்தானே கேட்டேன். அவனை எங்க வச்ச, கார்டன்?" என்றாள். விசையைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு கொல்லைப்பக்கம் போய் நின்றேன். இதை உனக்கு எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஒளித்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது ரெக்கார்டும் கெட்டுவிட்டது. ஊசி பழசு, ஓயாமல் அதே பள்ளத்தில் உழுது உழுது ஒரு கீறல் விழுந்திருக்கிறது. 'வழியிலதான்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவன் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டான் என்று அம்மா எழுந்து ஓடுகிறாள். நேற்று வீட்டுச் செருப்போடு, மழையில், ஹை ஸ்ட்ரீட் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டாள். என்னோடு வேலை பார்க்கிற ஒருவன் அடையாளம் கண்டு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டான்.

எனக்கு இன்னொரு ரெக்கார்டு வேண்டும். கடையில் கேட்டேன், முந்நூறும் முதல் நாளே போய்விட்டதாம், திரும்ப அச்சிட மாட்டார்களாம். அச்சிட மாட்டோம் என்று சொல்லித்தானே விற்கிறீர்கள். உன்னிடம் ஒன்று இருக்கும், இல்லை குழுவில் யாரிடமாவது இருக்கும். உடனே அனுப்பு. இந்தப் பாட்டுதான் அவளைக் கதவடியில் உட்கார வைத்துக் கொல்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குரல் நின்றுபோனால் அன்றைக்கே போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது. எது சரி என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை, அனுப்பிவிடு.

அப்பா


டண்டீ,
டிசம்பர் 19, வியாழன்

என் கண்ணு மோர்வென்,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவைத் திங்கட்கிழமை இங்கே சேர்த்தோம். நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள், அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, அதனால்தான் சேர்க்க முடிந்தது. நிமோனியா, இரண்டு நுரையீரலிலும். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் தாண்டட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொன்னார். பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். ஒரு மகள் இருக்கிறாள் என்றேன்.

ரெக்கார்டு கேட்டிருந்தேனே, அது வேண்டாம். நீ அனுப்பியிருந்தாலும் பிரிக்க மாட்டேன்.

நேற்று மத்தியானம் அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். வாசற்கதவைச் சாத்தினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிளேயரை நாற்பத்தைந்தில் வைத்து, உன் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன். கீறல் வந்த இடத்தில் விரலால் ஊசியைத் தள்ளிவிட்டேன். எங்களுக்கு முனகலாகக் கேட்டதே ஒரு பகுதி, அது சரியான வேகத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. 'காலியா இருந்த சீட்டு என்னோடது, நீங்க சொன்னது சரிதான் அப்பா.' அதற்கப்புறம்தான் கதவைப் பூட்டாதீங்க என்ற வரி வருகிறது.

அது அவன் வருகிறேன் என்று சொல்கிற பாட்டே இல்லை. நீ வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஒரு மாதமாக இந்த வீட்டில் பொழுது விடிந்து பொழுது போனால் நீ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து வேறு ஒருவனைக் கேட்டிருக்கிறோம். நான் முன்னறையில் வாய்விட்டு அழுதேன். செங்கா சுவரைத் தட்டி என்னாச்சு என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

அன்று கல்லறையில் அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னதை நானே இங்கே எழுதுகிறேன். நீ மட்டும் அதைச் சுமந்தது போதும். "பக்கத்துச் சீட்டுல நீ இருந்திருந்தா அவன் மெதுவாப் போயிருப்பான். சிநேகிதி வீட்டுல தங்கிட்டு அவனைத் தனியா அனுப்பினியே, உன்னாலதான் போனான்" என்றேன். நீ கையுறையை மாட்டிக்கொண்டு போனாய். அந்த வார்த்தையை இப்போது ரெக்கார்டில் பதித்து, நான் சொன்னது சரி என்று வேறு பாடியிருக்கிறாய். முந்நூறு வீட்டில் கேட்கிறார்கள். முந்நூறு வீட்டுக்கும் போய்ச் சொல்ல முடியாது, உனக்குச் சொல்கிறேன். நான் சொன்னது பொய்.

பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் இரண்டு பேரும் பாட இன்வர்னஸுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்ட்ரூவன் வேனின் முன் டயர்களை என்னிடம்தான் காட்டினான். மாத்தணுமா அப்பா என்று கேட்டான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. வெளியே குளிர், எனக்கு லீவு நாள், மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகச் சோம்பல். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிர்காலம் தாங்கும், போ" என்றேன். மறுநாள் ராத்திரி அவன் திரும்பி வருகிற பாதையில் பனி உறைந்திருந்தது. அந்த டயர் எப்படி நிற்கும்? அம்மாவுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் என்னோடு ஒரு வீட்டில் இருந்திருப்பாளா என்று தெரியவில்லை. என் குற்றத்தைத் தூக்கி உன் தலையில் வைத்துவிட்டு, நான் இரண்டு வருஷமாக வேளாவேளைக்குச் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தச் சீட்டில் நீ இருந்திருந்தால் வண்டி நின்றிருக்காது. இரண்டு பேரும் போயிருப்பீர்கள். நீ அதில் இல்லாததால்தான் இன்று கடிதம் எழுத எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. இதை அன்று சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா உன்னைத் தேடுகிறாள் என்று எழுதினால் நீ உடனே கிளம்புவாய். அப்படி எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையில்லை. கண் திறக்கும்போதெல்லாம் இன்னும் அவனைத்தான் கேட்கிறாள். நீ வந்து நின்றாலும் உன்னை யாரென்று கண்டுகொள்வாளோ, முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ, எதற்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது. உன்னைத் தேடுவது நான்தான். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இல்லை பிழைத்து எழுந்துவிட்டால், எதுவானாலும் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்கலாம். ஒன்றும் இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

வருகிறாயா மாட்டாயா என்று பதில் எழுத வேண்டாம். தபால் போய்வர நாள் இல்லை. சனிக்கிழமையிலிருந்து எனக்கு விடுப்பு. அம்மாவைப் பார்க்க உள்ளே விடுகிற நேரம் போக, மிச்ச நேரம் முழுக்க டண்டீ ஸ்டேஷனில் தெற்கிலிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் நிற்பேன். பண்டிகை முடிந்த பிறகும் நிற்பேன். இறங்கியதும் நீ என்னோடு பேச வேண்டியதில்லை, என் முகத்தைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. உன் பெட்டியை மட்டும் என் கையில் கொடு.

உன் அப்பா