கயிற்றுக்கடியில் விரித்த ஜமக்காளம்

என் பிரியத் தம்பி சேகரா,

நீ இருந்தவரை உன்னை ஒருநாளும் ‘பிரிய’ என்று அழைத்ததில்லை. நீயும் அதை எதிர்பார்த்ததில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேராது என்று எனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு அதில் மயக்கம் இல்லை. ஆனாலும் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

உன் கச்சேரி நடந்துவிட்டது.

ஊர் நிலவரத்தை முதலில் சொல்கிறேன். மறியல் ஓய்ந்தது போல இருந்து மறுபடியும் தொடங்கியிருக்கிறது. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கான இடத்தைக் கேட்டு நம் பையன்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான். உனக்குக் காமாலை முற்றிய அன்று, உன்னைக் கட்டிலோடு தூக்கி, மறியலுக்காகச் சாலையில் வெட்டிப் போட்டிருந்த நான்கு புளியமரங்களைத் தாண்டி ஜீப்பில் ஏற்றியவர்களும் அவர்கள்தான். மரங்கள் கிடந்ததால்தான் நீ போனாய் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். நான் டாக்டரிடம் கேட்டேன். ஒரு வாரம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வாரமும் நீ ஒத்திகையில் இருந்தாய். நான் யார் மேல் கோபப்படட்டும், சொல்.

நீ பத்தொன்பது வயதில் பிடிலைத் தூக்கிக்கொண்டு சர்க்கஸ் கம்பெனியோடு போனவன். இருபது வருடம் கழித்து, கம்பெனி கலைந்த பிறகு திரும்பி வந்தாய். வந்தவன் சும்மா இருந்தாயா? யானையும் சிங்கமும் இல்லாத சர்க்கஸ், அதற்குச் சாஸ்திரிய சங்கீதம், நடுவில் ஒரு கதை என்று ஆரம்பித்தாய். ஆறு பிடில், ஒரு கிளாரினெட், ஒரு மிருதங்கம், ஒரு நாயனம், கூடவே காலனி முனியனின் பேண்டு டிரம். கதை சொல்ல நீ. கயிற்றில் நடக்கக் கமலா. இது என்ன, கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் ஐஸ்கிரீமைக் கொட்டின மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். பிறகு, கம்பங்கள் தாங்குமா என்று கணக்குப் போடச் சொல்லி என்னிடம் ஒரு தாளை நீட்டினாய். அப்படித்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

கதை கமலாவினுடையது. அவள் வெள்ளிமலைப் பக்கத்துக்காரி. உன் சர்க்கஸ் கம்பெனியின் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று அழைத்துப் போனார்கள். அங்கே கயிறு பழகிக்கொண்டாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய அம்மா, கோமுகி ஆற்றில் வெள்ளம் வந்த நாளில், மரத்துக்கு மரம் கட்டிய கொடிக்கயிற்றைப் பிடித்து அவளை இக்கரை சேர்த்தாளாம். உன் ஆர்கெஸ்ட்ரா அந்த வெள்ளத்தை வாசிக்க வேண்டும். கமலா அம்மாவாகக் கயிற்றில் வர வேண்டும்.

ஒத்திகையில் அவள் விழுந்ததை நான் மறக்கவில்லை. நம் களத்தில் சித்தப்பா மேடை போட்டுக் கொடுத்திருந்தார். வித்வான்கள் மேலே, முனியன் கீழே, களத்தின் அந்தக் கோடியில். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். நீயும் நானும்கூட வாயைத் திறக்கவில்லை. மிருதங்கக்காரருக்கு மேடையிலிருந்து கமலாவின் கால் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த முனியனின் கையும் தெரியவில்லை. அவர் தன் கணக்குப்படி, தாளத்தை நிறைவு செய்யும் தீர்மானத்தை வைத்து முடித்தார். தீர்மானம் விழுந்தால் கைதட்டுவதுதானே வழக்கம். வேடிக்கை பார்த்தவர்கள் தட்டினார்கள். நடுக்கயிற்றில் இருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வலையின் ஓரத்தில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

காமாலையில் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் தெளிவாகச் சொன்னது ஒன்றுதான். “எல்லாரும் ஒரே தரையில உக்காரணும்க்கா. அது இல்லன்னா கமலாவ ஏத்தாத.”

உன் கருமாதி முடிந்து இரண்டு மாதத்தில் கமலாவின் கை தேறிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்குக் கச்சேரி என்று நான் ஊருக்குச் சொன்னேன். சித்தப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது? ஊரே ரோட்டுல குந்திகினு கீது. உனுக்கு சர்க்கஸ் கேக்குதா?”

“சேகர் ஆரம்பிச்சது சித்தப்பா.”

“அவந்தான் போய்ட்டானே. கதைய யாரு சொல்லப் போறா?”

“நான்.”

அவர் சிரித்தார். அதில் தப்பில்லை. நாலு பேர் கூடினால் மூலையில் போய் நிற்கிறவள் நான். அந்த நேரத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

கச்சேரி அன்றைக்கு மதியம் களத்துக்குப் போனால், சித்தப்பா சிரித்தாலும் தன் வழக்கப்படி போட்ட மேடை மறுபடியும் தயாராக நிற்கிறது. பலகை, மேலே நம் வீட்டு ஜமக்காளம், குத்துவிளக்கு. பிடில்காரர்கள் திருக்கோவிலூரிலிருந்து மறியலைத் தாண்டி, பெட்டிகளைத் தலையில் வைத்து நடந்தே வந்திருந்தார்கள். முனியன் தன் டிரம்மோடு வழக்கமான கோடியில் நின்றுகொண்டிருந்தார். கமலா கம்பத்தடியில், கால் வழுக்காமலிருக்கச் சாம்பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மேடையேறினேன். குத்துவிளக்கை எடுத்துக் கீழே வைத்தேன். ஜமக்காளத்தைச் சுருட்டி இழுத்து வந்து, கயிற்றுக்கடியில், வலையை ஒட்டித் தரையில் விரித்தேன். ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“முனியன், இப்படி வந்து என் பக்கத்துல உக்காருங்க.”

“வோணாம் டீச்சரம்மா. நான் இங்கியே நின்னுகினு அடிச்சிடுறேன்.”

“அங்கேர்ந்து அடிச்சதாலதான் அவ கை ஒடஞ்சுது. வாங்க.”

வந்தார். ஜமக்காளத்தின் விளிம்பில், பாதி மண்ணில் உட்கார்ந்தார். “இன்னும் தள்ளி வாங்க” என்றேன்.

மிருதங்கக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். “எங்களுக்குன்னு ஒரு முறை இருக்குதும்மா. தரையில உக்காரச் சொல்றீங்க, சரி. ஆனா...” அந்த ‘ஆனா’வை அவர் முடிக்கவில்லை. நானும் அவருக்காக முடித்துக் கொடுக்கவில்லை. அவரும் நாயனக்காரரும் மூன்று பிடில்காரர்களும் கிளம்பிவிட்டார்கள்.

சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “நம்ம வூட்டு மானத்த வாங்கிகினு இருக்க. களத்த உடமாட்டேன்.”

“களத்துல பாதி எங்கப்பாவுது சித்தப்பா. நாங்க அந்தப் பாதியிலதான் உக்காந்திருக்கோம். நம்ம பசங்க அங்க இடம் கேட்டு வெயில்ல கிடக்கறாங்க. இங்க ஒரு மனுஷனுக்கு நாம தரையில இடம் தர மாட்டோமா?”

கூட்டத்தில் யாரோ, “டீச்சரு கேக்கறது சரிதான்யா” என்றார். இன்னொருவர், “சரியோ தப்போ, சீக்கிரம் ஆரம்பிங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்றார். நல்லவேளையாக எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது மூன்று பிடில், கிளாரினெட், டிரம். நான் கமலாவிடம் போனேன். “மிருதங்கம் இல்ல. நீ வேணாம்னா நிறுத்திடலாம்.”

“முனியண்ணன் கீறாரில்ல? போதும் மேடம். நீங்க கதைய நடுவுல மறந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

நீ கதை எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்துத்தான் படித்தேன். என் குரல் முதலில் வகுப்பு எடுப்பது போலத்தான் இருந்தது. வெள்ளம் வரும் இடத்தில் பிடில்கள் எழும்பின. அதற்கப்புறம் எனக்கு என் குரல் கேட்கவில்லை. அம்மாவாகக் கமலா கயிற்றில் கால் வைக்கிற இடம் வரும் பக்கத்தில், கட்டம் போட்டு நீ எழுதி வைத்திருக்கிறாய்: ‘இங்கே பேசாதே.’ நான் நோட்டை மூடினேன். பிடில்களும் ஓய்ந்தன.

முனியனின் டிரம் மட்டும் சன்னமாக உருண்டுகொண்டிருந்தது. அவர் கண் அவள் குதிகாலை விட்டு நகரவில்லை. நடுக்கயிற்றில் அவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நேரத்தை அளப்பது என் தொழில், ஆனாலும் தெரியாது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்து சிலர் கைதட்டத் தொடங்கினார்கள். முனியன் வலது கையை மேலே உயர்த்தினார், பொறு என்பது போல. இடது கை மட்டும் நிற்காமல் உருட்டிக்கொண்டிருந்தது. காலனியிலிருந்து வந்த ஒருவரின் கைக்கு அந்தக் களம் முழுக்க அடங்கியது. தட்டினவர்கள் நிறுத்தினார்கள். கமலா அடுத்த அடி வைத்தாள். அதற்கடுத்த அடி. அவள் கால் கயிற்றின் மறுமுனைப் பலகையில் பட்ட பிறகுதான் டிரம்மில் கடைசி அடி விழுந்தது.

அப்போது கைதட்டினார்கள் பார், சேகரா.

திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா அந்த வெறும் மேடையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்கத் தரையில். அவரும் கைதட்டினாரா என்று நான் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்றே இருந்தேன்.

நீ இருந்தபோதே, அந்த ஒத்திகை அன்றைக்கே, இதை நான் செய்திருந்தால் அந்த மணிக்கட்டு முறிந்திருக்காது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன். நீயும் ஏன் அன்று பேசாமல் இருந்தாய்? என்னைப் போலவே நீயும் பயந்தாயா?

மேடைப் பலகைகளைச் சித்தப்பா இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த தடவை அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். மழைக்கு முன்னால் வெள்ளிமலையில் கமலாவின் ஊரில் நடத்துகிறோம். அவள் அம்மாவையும் உட்கார வைக்கிறோம். போன ஐந்து பேருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்; வந்தால் ஜமக்காளத்தில் இடம் இருக்கிறது, முனியன் பக்கத்தில். வராவிட்டாலும் கயிறு கட்டுவேன். நோட்டும் ஜமக்காளமும் இனி என் பொறுப்பு. யார் சொன்னாலும் அந்த ஜமக்காளத்தை மேடையில் விரிக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வார்த்தை.

அன்றைக்கு வாய் திறக்காத,
இப்போது உன் கதையைச் சொல்கிற,
உன் அக்கா.