கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஒரு பிடி மாவு

அன்பு மகள் ஜூலேகாவுக்கு, அம்மா எழுதுவது. மொசூரிலில் நானும் உன் மாமா அமாதேயும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம், இந்த வயதில் இரண்டும் இருந்தால் நலம்தான். லிஸ்பன் குளிரில் பிடித்த உன் இருமல் விட்டதா? ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. இங்கே முந்திரி பூத்ததோடு சரி, மரவள்ளி மட்டும் மோசமில்லை.

நீ துடைக்கும் அருங்காட்சியகத்துக்கு வரப்போகிற கண்காட்சி முதலில் இங்கே தீவுக்கு வருகிறது, போய்ப் பார் என்று தொலைபேசியில் சொன்னாயே, மாமாவோடு பாலம் தாண்டிப் போனேன். நம் கரையிலிருந்து அடிமைகளை ஏற்றிப் போய் மூழ்கிய கப்பலின் சாமான்கள். மடியில் வீட்டுச் சோள மாவு முடிந்து வைத்திருந்தேன். கல்லறை இருந்தால் அங்கே கூம்பாகக் கொட்டி, விடியும்வரை கலையாமல் நின்றால் செத்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்போம். இவர்களுக்கு எங்கே கொட்டுவது? கடலில் கொட்டினால் கரைந்து போகும். இருநூறு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர்கள் காலில் கிடந்த இரும்பு கரைக்கு வந்திருக்கிறது. குலத்தாய் நான் போகாமல் யார் போவது?

போனால், தலைநகரத்துக் கனவான்களுக்கு நாற்காலி, நமக்குக் கயிற்றுக்குப் பின்னால் வெயில். நம் பெண்களை முகத்தில் வெள்ளைச் சாந்து பூசி ஆடவிட்டார்கள், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நம் வீட்டில் விளக்கெரிய மின்சாரம் இல்லை, அந்தக் கால்விலங்குகளுக்குக் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரு வளையம் என் இரண்டு விரல் நுழையும் அளவுதான். குழந்தையின் கால் ஜூலேகா. அதன் முன்னே நின்று ஒருத்தன் ஒயின் குடிக்கிறான்.

முடிச்சை அவிழ்த்தேன். அடெலினோ என்கிற பொறுப்பாளர் ஓடிவந்து, "இங்க கொட்டாதீங்கம்மா, பூச்சி வரும்" என்றார். கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்ததும் அதே ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, "இப்பக் கொட்டுங்கம்மா, ஆனா அந்தப் பழுப்பு மாவு படத்துல எடுபடாது, இந்தாங்க கடை மாவு, நல்ல வெள்ளை. எடுத்து முடிச்சதும் கூட்டிடுவோம்" என்றார். உன் மாமா, "ஏன் செனோர், இது செத்தவன் தின்னவா, டிவி தின்னவா?" என்று கேட்டதும் ஆடவந்த பெண்கள் சிரித்தார்கள், முகச் சாந்து வெடித்தது. "நீங்களே கொண்டுபோய்க் கஞ்சி காய்ச்சிக் குடிங்க" என்று அந்தக் கடை மாவுப் பொட்டலத்தை அடெலினோ கையிலேயே திணித்தேன். எங்களை வெளியே தள்ளினார்கள். மறுநாள் சாமான் எல்லாம் லிஸ்பனுக்குக் கப்பலேறிவிட்டது.

அதனால்தான் லிஸ்பன் வரும் நம் பக்கத்து வீட்டு நஷிமா கையில் அந்த முடிச்சைக் கொடுத்தனுப்புகிறேன். நீ அலுவலக வேலை பார்ப்பதாக ஊரில் பொய் சொல்லி வந்தவள் நான், துடைப்பம் என்று சொல்ல வெட்கம். இப்போது வெட்கமில்லை. துடைப்பக்காரியை அந்த மாதிரி ஆட்கள் யாரும் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள், சாவியும் அவளிடம்தான். நம்மில் பிள்ளை தாயின் குலம், ஆகவே உன் கை என் கைதான். எல்லாரும் போனபின் அந்தச் சின்ன வளையத்தின் பெட்டிக்கடியில் கொட்டு. பெயர்கள் தெரியாது, "பிள்ளைங்களா, வீட்டு மாவு வந்திருக்கு" என்று நம் மகுவா மொழியில் சொன்னால் போதும். வேலை போய்விடும் என்று பயந்தால், போகட்டும், கிளம்பி வா, மரவள்ளி இருக்கிறது.

ஆண்டவன் உன் கையை நடுங்காமல் வைக்கட்டும். மறந்துவிடாதே, அன்றைக்கு அந்த ஒரு சாண் தரையை மட்டும் துடைக்காதே. காலையில் கூம்பு நின்றதா என்று பார்த்து எழுது, பிறகு நீயே அள்ளு, வேறு யார் துடைப்பமும் அதில் படக்கூடாது.

உன் அம்மா,
முவானாஷா