மாப்பிள்ளையின் பெயரும் ஒரு காலிக் கட்டமும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். கடல் காற்று இல்லை. பி.பி. மாத்திரை 7.10க்கு.

குழப்பமான நாளில் முதலில் தலைப்புகளைப் பிரித்துக்கொள்வது ஆபீஸ் பழக்கம். இந்த வாரம் எழுத வேண்டியவை:

1. மாப்பிள்ளையின் (இனி மா.) தேர்வு விண்ணப்பத்தில் நான் செய்த பிழை.
2. சனிக்கிழமைக்குள் அதைத் திருத்தும் வழி.
3. வீட்டில் சொல்லக் கூடாது. பதறினால் மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது.
4. நான் வேண்டுமென்று செய்யவில்லை.

முதலில் 1.

சனிக்கிழமை 12ஆம் தேதி, சென்னையில் மா.வுக்கு ஆங்கிலத் தேர்வு. கனடாவில் ஏ.சி. மெக்கானிக் வேலை தயார். பதினேழு வருட அனுபவம், சான்றிதழ்கள், எல்லாம் ஏற்றுக்கொண்டார்கள். மீதி மொழி. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். நான்கிலும் தேற வேண்டும். முன்பு ஒருமுறை தேறியிருந்தார். அந்த மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். கம்பெனிக் கடிதம் வருவதற்குள் மார்ச்சில் காலாவதியாகிவிட்டது. (தெரிந்த மொழி எப்படிக் காலாவதியாகும்? என் பிரெஞ்சு அறுபது வருடத்துக்கு முன் படித்தது. யாரும் சோதிப்பதில்லை, அதனால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.) இம்மாத முடிவுக்குள் புது மதிப்பெண் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. அடுத்த தேர்வுத் தேதி ஆகஸ்டில்.

இன்று காலை தேர்வு அனுமதித் தாளை ஃபைலில் கோக்க எடுத்தேன். பக்கத்தில் பாஸ்போர்ட் நகல். ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம்.

பாஸ்போர்ட்: பெயர், அருள்தாஸ். குடும்பப் பெயர் என்ற இடம் காலி.
அனுமதித் தாள்: பெயர், அருள்தாஸ். குடும்பப் பெயர், சவரிமுத்து.

சவரிமுத்து மா.வின் அப்பா. எழுதியது நான். தாளின் கீழே: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இல்லாவிட்டால் தேர்வு அறைக்குள் அனுமதி மறுக்கப்படலாம்.

எப்படி நேர்ந்தது: எத்தா சிவிலில், அதாவது பிறப்பு இறப்புப் பதிவகத்தில், முப்பத்தொரு வருடம். சேர்ந்த முதல் வாரம் பெரிய எழுத்தர் சொன்னது ஒன்றே ஒன்று: காலிக் கட்டம் விடாதே. விட்டால் பின்னால் எவனாவது எழுதுவான். அப்படி ஒரு கட்டத்தில் யாரோ ஒரு பெயரைச் சேர்த்து, சொத்து வழக்குவரை போனதைக் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து ஒரு கட்டத்தையும் விட்டதில்லை. ஒரு பெயர், ஒரு கோடு, ஏதாவது. மா.வின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது. நிரப்பினேன். அன்று திருப்தியாகக்கூட இருந்தது.

பாதிச் சோற்றில் எழுந்தேன். மகள் ரீத்தா கேட்டாள், "இன்னாப்பா, கொழம்பு புடிக்கலியா?" உப்பு கம்மி என்றேன். கம்மி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

இரவெல்லாம் புழுக்கம். 5.30க்குக் கடற்கரை நடை. அங்கே யாருக்கும் கேட்காது என்று போனை எடுத்துப் போனேன். உதவி எண் 9 மணிக்குத்தான் திறக்கும். மூன்றரை மணி நேரம் மதிற்சுவரில்.

9.02: ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தவும். அழுத்தினேன். பாட்டு. ஒரு பெண் குரல், "குட் மார்னிங்." வைத்துவிட்டேன்.
9.10: மறுபடி. வேறு குரல். வைத்துவிட்டேன்.
9.25: சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு அழைத்தேன். தேர்வர் நீங்களா என்று கேட்டாள். தாளில் அதற்கு விடை இல்லை.

10.15 நெட் சென்டர். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த கலா. காரணம் சொன்னதும் தலையில் கை வைத்தாள்.

"அய்யா, நான் அன்னிக்கே கேட்டனே! பாஸ்போர்ட்ல இல்லாத பேர எதுக்குப் போடறீங்க, ஒரே பேர்தான்னு டிக் பண்ணிடலாம்னு. நீங்கதான் காலியா வுடக்கூடாது, வுடக்கூடாதுன்னு பிடிவாதமா நின்னீங்க."

கேட்டாளா? கேட்டிருப்பாள். எனக்கு நினைவே இல்லை. இதுதான் பயமாக இருக்கிறது.

"இப்ப மாத்தலாமா?"

"அவரே போன் பண்ணணும். அவரு பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், அவரு குரல். நான் பேசனா ஒத்துக்க மாட்டாங்க, நீங்க பேசனாலும் ஒத்துக்க மாட்டாங்க. வூட்ல சொல்லிட்டீங்கல்ல?"

சொல்லிட்டேன் என்றேன். இது இந்த வாரத்தில் இரண்டாவது பொய்.

ஆக 2: வழி உண்டு, ஆனால் 3ஐ மீறினால்தான் 2.

மாலை. பேசும் பயிற்சி; பேத்தி ஜெனிதான் தேர்வாளர். கட்டில்மேல் நின்று அட்டையை வாசித்தாள்: பிடித்த ஓர் இடத்தைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசவும். மா. நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐ லைக் பீச். பீச் இஸ்... வெரி... பீச்."

"அப்பா! பீச் பீச்னு எத்தினி தடவ? காத்து சொல்லு, உப்பு சொல்லு."

"உப்புக் காத்துல அவுட்டோர் யூனிட்டு துருப் புடிச்சிப் போவும், அத சொல்லவா?"

ஜெனி சிரித்து உருண்டாள். மா.வும் சிரித்தார். ஆனால் சட்டை முதுகெல்லாம் ஈரம். நாற்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் வேலை செய்யும்போதுகூட அவர் இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. இந்த நிலையில் எப்படிச் சொல்வது? 3 சரியே.

ஜூலை 9, புதன்

மேகம், மழை இல்லை. காஸ் புக் செய்தேன். தண்ணீர் வரி ரசீது கிடைத்தது (அகராதிக்குள்).

4ஐப் பற்றி. எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

அவர்கள் மூன்று பேரும் போய்விட்டால் இந்த வீட்டில் நான். ரீ. பட்டியல்கூடப் போட்டுவிட்டாள்: சமையலுக்கு யார், மாத்திரைக்கு யார், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வீடியோவில் பேசுவது. என் மகள்தான், பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. நான் தலையாட்டினேன். நல்லது, போய் வாருங்கள் என்றேன். விண்ணப்பம் நான் நிரப்புகிறேன் என்று நானேதான் முன்வந்தேன். கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்தக் கட்டத்தில் எழுதும்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? பழக்கம்தானா? கலா எச்சரித்தும் காதில் விழாத அளவுக்கு என்ன பழக்கம்? மற்றவர்கள் தாளில் ஓரெழுத்துப் பிழை கண்டாலும் திருப்பி அனுப்பியவன்.

வேண்டுமென்று செய்யவில்லை. இதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றாவது முறை எழுத்து கோணலாக வந்தது.

ஜூலை 10, வியாழன்

வைத்திக்குப்பம் போய் மீன் வாங்கினேன். மா.வுக்குப் பிடித்த சங்கரா. சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று திட்டம்.

சொல்ல வாயெடுத்தேன். "மாப்பிள்ளை, அந்த விண்ணப்பத்தில்..."

"மாமா, அது ஒண்ணுதான் நான் கவலப்படாத விஷயம். எங்க ஒர்க் ஷாப்ல கோபி ஏஜென்ட்டுகிட்ட குடுத்து, பிறந்த தேதிய மாத்திப் போட்டுட்டானுவோ. நான் சொன்னேன், எங்க மாமா ரிஜிஸ்டர் ஆபீஸு, அவரு எழுதனா கல்வெட்டுன்னு."

மீன் முள் தொண்டையில். நிஜமாகவே. ரீ. சோற்று உருண்டை கொடுத்தாள்.

பிற்பகல் மறுபடி கடற்கரை. போனை எடுக்கவில்லை. ஆபீஸில் பிழை செய்தவர்கள் வந்து நிற்பார்கள், வாசற்படியில், உள்ளே வராமல். உட்காருங்கள் என்றுகூட நான் சொன்னதில்லை.

நாளை வேலை நாள். சனிக்கிழமை அந்த உதவி எண் வேலை செய்யாது என்று தாளில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. இன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

விடியலில் தூறல். பிறகு வெயில்.

8.50. மா. லீவு. கூடத்தில் தரையில் உட்கார்ந்து வாசித்தல் பயிற்சி. இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக அவர் முன்னால் வைத்தேன். விரலால் காட்டினேன்.

ரீ.தான் முதலில் புரிந்துகொண்டாள்.

"எப்பப்பா பாத்த?"

"திங்கக்கெழம."

"திங்கக்கெழமையா! நாலு நாளா தெரிஞ்சிக்கினு மீன் வாங்கியாந்து குடுத்தியா?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "நாங்க போவக் கூடாதுன்னு செஞ்சியாப்பா?"

இதைத்தான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தும் பதில் தயார் செய்யவில்லை. இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடி போய்விட்டது.

மா.: "ஏ, வுடு ரீத்தா. மாமாவ அப்டிலாம் கேக்காத." என்னைப் பார்த்து, "மாமா, கேஸ் லீக்குன்னா அன்னிக்கே சொல்லிடணும். நாலு நாள் வுட்டா கம்ப்ரஸரே போயிடும்." கோபம் இருந்தது. ஆனால் எழுந்து நின்று பேசவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நம்பர் எங்க?"

9.04க்கு அழைத்தார். ஒன்றை அழுத்தினார். பாட்டு. நான் கதவுக்கு வெளியே. ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பேசியதில் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்:

"நோ மேடம், டோன்ட் கட், ப்ளீஸ். டுமாரோ மை எக்ஸாம். பாஸ்போர்ட் ஹேவ் ஒன் நேம் ஒன்லி. ஃபார்ம் ஹேவ் டூ நேம். செகண்ட் நேம் மை ஃபாதர். மை ஃபாதர் நாட் கமிங் எக்ஸாம், மேடம், ஐ ஆம் கமிங்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"நோ ஏஜென்ட். மை ஃபாதர் இன் லா ஃபில் பண்ணாரு... சாரி... ஃபில்டு. வெரி கேர்ஃபுல் மேன். தர்ட்டி ஒன் இயர்ஸ் கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர். எம்ப்டி பாக்ஸ் ஹி டோன்ட் லைக்."

சிரிப்புச் சத்தம் போனுக்குள். பிறகு நீண்ட பேச்சு. அவர் "ஸ்லோலி, மேடம்" என்றார். "ஒன் மோர் டைம், ப்ளீஸ்" என்றார். மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவர்கள் தவறாகச் சொன்ன பாஸ்போர்ட் எண்ணை நிறுத்தித் திருத்தினார். பதினான்கு நிமிடம். கடிகாரம் பார்த்தேன். ஒன்றரை நிமிடம் பீச்சைப் பற்றிப் பேச முடியாத மனிதர்.

முடிவு: திருத்தக் கோரிக்கை பதிவானது. மாற்றிய தாள் மின்னஞ்சலில் வரும். வராவிட்டாலும் பாஸ்போர்ட்டோடு வந்து வாசலில் இந்தக் கோரிக்கை எண்ணைச் சொல்லவும். உறுதி சொல்ல முடியாது.

மாலை 6. மின்னஞ்சல் வரவில்லை. 8. வரவில்லை. ரீ. என்னோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் தண்ணீரோடு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 12, சனி

இருட்டு இருக்கும்போதே இருவரும் சென்னை பஸ்ஸுக்கு. கோரிக்கை எண்ணைச் சிறு அட்டையில் பெரிதாக எழுதி மா. சட்டைப் பையில் வைத்தேன். வேறொன்றும் எழுதவில்லை. ரீ. என்னைப் பார்க்காமல், "ஜெனிக்கு பால் காச்சிக் குடு" என்றாள். பேசிவிட்டாள்.

எடுத்துப் போனவை: பாஸ்போர்ட், அனுமதித் தாள் 2 நகல், பிறப்புச் சான்றிதழ், தண்ணீர், இட்லி 6.

8.30. செய்தி இல்லை.
9.15. இல்லை. ஜெனிக்கு இரண்டாம் முறை பால் காய்ச்சினேன். ஏன் தாத்தா என்றாள்.
9.40. பழைய தினசரிகளைத் தேதிவாரியாக அடுக்கினேன்.
10.05. ரீ. அழைத்தாள். வாசலில் நிறுத்திவைத்திருக்கிறார்களாம். அவர்கள் பட்டியலில் இன்னும் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கிறதாம். "அவரு பேசிக்கினு இருக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த இருபது நிமிடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். அவர் தேர்வு எழுதாமல் திரும்பி வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. உள்ளே விட வேண்டும் என்றுதான் வேண்டினேன். ஆனால் இது சனிக்கிழமை மனம். விண்ணப்பம் நிரப்பிய நாளின் மனத்துக்கு இது சாட்சி ஆகாது.

10.26. ரீ.யிடமிருந்து குறுஞ்செய்தி: உள்ள வுட்டுட்டாங்க.

மழை பிடித்தது. துணி எடுக்க மறந்தேன்.

மாலை 6.40. வந்துவிட்டார்கள். மா. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எழுதறது சுமார்தான் மாமா. ஒரு லெட்டர் எழுதச் சொன்னான், வார்த்த எண்ணல. பேசறது ஓடிச்சி. வாசல்ல அந்த செக்யூரிட்டிகிட்டயும் மேனேஜர்கிட்டயும் கால் மணி நேரம் கத்தன பிறகு உள்ள போனா, மைக்கு இன்னா, கம்ப்யூட்டர் இன்னா. நிறுத்தச் சொல்ற வரைக்கும் பேசனேன்."

"இன்னா பேசனீங்க?" என்றேன்.

"கேட்டத."

ரீ. ஈரத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டாள். "எடுத்து வச்சிருக்கக் கூடாதாப்பா" என்றாள். வழக்கமான குரல்.

மதிப்பெண் வரச் சில நாள் ஆகும். தேறினால் போவார்கள். தேறாவிட்டால்? இந்தக் கவலையை இன்று தொடவில்லை.

திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். 1 எழுதியாயிற்று. 2 நடந்தது, நடத்தியது நான் அல்ல. 4, வேண்டுமென்று செய்யவில்லை: அதற்கு எதிரே சரி போடவும் கை வரவில்லை, அடிக்கவும் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

3, வீட்டில் சொல்லக் கூடாது என்றது: தவறு. பதிவேட்டில் பிழையை அடிப்பது போல ஒற்றைக் கோடு, ஓரத்தில் சுருக்கொப்பம்.